மூடில் 4.5: ஏஐ பொத்தான் சுமார், பழைய அறிக்கைப் பக்கம் அபாரம்

பாடங்களையும் தேர்வுகளையும் இணையத்தில் நடத்த உதவும் மென்பொருளான மூடிலின் 4.5 பதிப்பு வெளிவந்தது 2024 அக்டோபரில். அதைப் பற்றிய பேச்செல்லாம் முதன்முறையாக உள்ளேயே சேர்ந்து வந்த ஏஐ வசதியைச் சுற்றித்தான் இருந்தது. கல்லூரிக்கோ பள்ளிக்கோ எல்எம்எஸ் (கற்றல் மேலாண்மை மென்பொருள்) தேடுகிறவர்கள் அந்தப் பொத்தானைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மூடிலை எடுப்பதற்கு உருப்படியான காரணம் வேறொன்று: குவிஸ் பகுதிக்குள் பல வருடமாகக் கிடக்கும் 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்ற அறிக்கைப் பக்கம். குவிஸ் வைக்கும் ஆசிரியர்களிலேயே பலர் அதைத் திறந்து பார்ப்பதில்லை. ஏஐ சில நிமிடத்தில் ஐம்பது கேள்வி எழுதித் தந்துவிடுகிற இந்த நேரத்தில், அந்த ஐம்பதில் எது தேறும், எது தேறாது என்று சொல்கிற கருவிக்குத்தான் தேவை அதிகம்.

தெரியாதவர்களுக்கு: மூடில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமாஸ் தொடங்கியது, 1.0 பதிப்பு 2002 ஆகஸ்டில் வந்தது. ஓப்பன் சோர்ஸ், ஜிபிஎல் உரிமம், பிஎச்பியில் எழுதப்பட்டது. மென்பொருளுக்குக் காசு கிடையாது. சர்வருக்கும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் உண்டு. சென்னை ஐஐடி முதல் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் வரை ஓடிக்கொண்டிருப்பது இதுதான். 4.5 நீண்ட கால ஆதரவுப் பதிப்பு. பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 அக்டோபர் வரை வரும். வருடத்துக்கு இரண்டு முறை அப்டேட் செய்ய ஆளில்லாத இடங்களுக்கு இதற்கு அடுத்து வந்த 5.0-ஐவிட இதுவே பொருத்தம்.

ஏஐ: என்ன இருக்கிறது, என்ன இல்லை

நிர்வாகி 'சைட் அட்மினிஸ்ட்ரேஷன்' பக்கத்தில் ஏஐ பகுதிக்குப் போய் முதலில் ஒரு 'புரொவைடர்', அதாவது ஏஐ சேவை தரும் நிறுவனம், அமைக்க வேண்டும். 4.5-இல் ஓபன்ஏஐ, மைக்ரோசாஃப்ட் அஷூர் இரண்டு மட்டும். சொந்த சர்வரில் ஓடும் மாடலை இணைக்க உதவும் ஒல்லாமா 5.0-இல்தான் வந்தது. அடுத்தது 'பிளேஸ்மென்ட்', அதாவது பொத்தான் எங்கே தெரிய வேண்டும் என்பது. ஆசிரியருக்கு டைனிஎம்சிஇ எடிட்டருக்குள் உரையும் படமும் உருவாக்கும் பொத்தான். மாணவருக்குப் பாடப் பக்கத்தில் சுருக்கம் தரும் பொத்தான். அவ்வளவுதான். கேள்வி எழுதுவது, விடை திருத்துவது எதுவும் மையத் தொகுப்பில் இல்லை. அதற்கு வெளியார் எழுதிய கூடுதல் நிரல்களான பிளகின்களைத்தான் நாட வேண்டும்.

அமைக்கும்போது பலர் முட்டி நிற்கும் இடம் ஏபிஐ கீ, அதாவது ஏஐ சேவையோடு மூடில் பேசப் பயன்படும் கடவுச்சொல் போன்ற குறியீடு. சாட்ஜிபிடி பிளஸ் சந்தா கட்டியாயிற்றே, அதுவே போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஏபிஐ கணக்கு தனி, அதற்குத் தனியாகப் பணம் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் கீ சரியாக இருந்தாலும் பிழைச்செய்திதான் வரும். பணம் ஏற்றிய கையோடு, ஒரு பயனருக்கு மணிக்கு எத்தனை கோரிக்கை, தளம் முழுக்க எத்தனை என்ற இரண்டு வரம்புகளையும் போட்டுவிடுங்கள். மாணவர் கையில் சுருக்கப் பொத்தான் போனால், தேர்வுக்கு முந்தின இரவு வகுப்பே அதை அமுக்கும்.

தமிழ்ப் பாடங்களுக்குக் கவனிக்க வேண்டியது இரண்டு. சுருக்கம் கேட்கும்போது மாடலுக்கு மூடில் அனுப்பும் அடிப்படைக் கட்டளை ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒவ்வொரு செயலின் அமைப்பிலும் அதை மாற்றலாம். 'பாடம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், பத்தாம் வகுப்பு மாணவருக்குப் புரியும்படி, பாடத்தில் உள்ள கலைச்சொற்களையே பயன்படுத்திச் சுருக்கு' என்கிற மாதிரி எழுதி வையுங்கள். இரண்டாவது செலவு. தமிழ் எழுத்துகளை மாடல்கள் டோக்கன்களாக (கட்டணம் கணக்கிடப்படும் சிறு துண்டுகளாக) நறுக்கும் விதம் ஆங்கிலத்தைவிடச் செலவு பிடிக்கும். ஓபன்ஏஐ 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியிட்டபோது காட்டிய எடுத்துக்காட்டில், ஒரே தமிழ் வாசகம் பழைய முறையில் 116 டோக்கன், புதிய முறையில் 35. அதே வாசகம் ஆங்கிலத்தில் 27-இலிருந்து 24 ஆனது. பழைய மாடல் மலிவாகத் தெரிகிறதே என்று அதைத் தேர்ந்தால், தமிழுக்கு அந்தக் கணக்கு தலைகீழாகிவிடலாம்.

இன்னொன்று, சுருக்கப் பொத்தான் திரையில் உள்ள உரையை மட்டும் எடுத்து அனுப்புகிறது. பாடத்தைப் பிடிஎஃப் கோப்பாகவோ ஸ்கேன் படமாகவோ ஏற்றி வைத்திருந்தால் அதற்குள் போய்ப் படிக்காது. நம் ஊர்ப் பாடப்பிரிவுகளில் முக்கால்வாசி பிடிஎஃப்தான் என்பதால் இந்த வசதியின் பயனும் அந்த அளவுக்குக் குறைகிறது. மொத்தத்தில் சுமார். அணைத்து வைத்தாலும் ஒன்றும் குறையாது.

கேள்வியை வெளியே எழுதி உள்ளே கொண்டுவருவது

ஏஐயை வைத்துக் கேள்வி எழுதத் தோதான வழி மூடிலுக்கு வெளியேதான். ஏதாவதொரு சாட்பாட்டில் எழுத வைத்து, 'கிஃப்ட்' என்ற எளிய உரை வடிவில் வாங்கி, கேள்வி வங்கியில் இறக்குமதி செய்வது. கிஃப்ட் இப்படி இருக்கும்:

::ஒளிச்சேர்க்கை 1:: ஒளிச்சேர்க்கையின்போது இலையிலிருந்து வெளியேறும் வாயு எது? {
=ஆக்சிஜன்
~கார்பன் டைஆக்சைடு #இது இலைக்குள் போவது. சுவாசத்தோடு குழப்பிக்கொண்டீர்கள்.
~நைட்ரஜன் #காற்றில் அதிகம் இருப்பது இதுதான், ஆனால் இந்த வினையில் இதற்கு வேலையில்லை.
~ஹைட்ரஜன் #நீர் பிளக்கப்படுவது உண்மை, ஆனால் ஹைட்ரஜன் வாயுவாக வெளியேறுவதில்லை.
}

சமக்குறி சரியான விடை, அலைக்குறி தவறான விடை, அதன் பின்னால் வரும் # குறிக்கு அப்புறம் அந்த விடையைத் தொட்ட மாணவருக்குப் போகும் பின்னூட்டம். இந்தப் பின்னூட்டத்தை எழுத வைப்பதில்தான் ஏஐக்கு மெய்யான உபயோகம். நாற்பது கேள்விக்கு நூற்றிருபது தவறான விடை. ஒவ்வொன்றுக்கும் ஏன் தவறு என்று உட்கார்ந்து எழுதப் பொறுமை யாருக்கு இருக்கிறது? சரிபார்ப்பது மட்டும் ஆசிரியர் வேலையாக நிற்கிறது.

இறக்குமதி தோற்கும் காரணங்கள் பெரும்பாலும் இவை. ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு வெற்று வரி இருக்க வேண்டும். கேள்விக்கு உள்ளேயே வெற்று வரி வந்தால் பாதியில் அறுந்து இரண்டு அரைக்கேள்வியாகிவிடும். விடைக்குள் சமக்குறியோ அலைக்குறியோ நெளிவு அடைப்போ வந்தால் முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும்: 5 + 3 = 8 என்பதை 5 + 3 \= 8 என்று. கணக்குப் பாடத்தில் லேட்டெக்ஸ் (கணிதக் குறிகளை உரையாக எழுதும் முறை) சமன்பாடு இருந்தால் நெளிவு அடைப்பு குவிந்து கிடக்கும். அங்கே கிஃப்டை விட்டுவிட்டு மூடிலின் எக்ஸ்எம்எல் வடிவத்தில் கேளுங்கள். சாட்பாட் தன் பதிலின் தலையிலும் காலிலும் வைக்கும் மூன்று பேக்டிக் குறிகளையும் (```) 'இதோ உங்கள் கேள்விகள்' போன்ற உபசார வரியையும் நீக்கிவிட்டுச் சேமியுங்கள். கோப்பு யூடிஎஃப்-8 ஆக இருக்கட்டும். வேறு என்கோடிங்கில் சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக வந்து நிற்கும்.

'ஐக்கன்' என்று இன்னும் எளிய வடிவமும் உண்டு. ஆனால் அதில் விடை எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஏ, பி, சி, டி என்றுதான் இருக்க வேண்டும். தமிழில் கேட்டால் ஏஐ பணிவாக அ, ஆ, இ, ஈ என்று போட்டுத் தரும். மூடில் ஒன்றைக்கூட ஏற்காது. பின்னூட்டத்துக்கும் ஐக்கனில் இடமில்லை. கிஃப்டே மேல்.

கேட்கும் முறைக்கு வருவோம். ஒரே மூச்சில் ஐம்பது கேட்காதீர்கள், பத்துப் பத்தாகக் கேளுங்கள். இருபதைத் தாண்டினால் அதே கேள்வி வேறு உடையில் திரும்ப வர ஆரம்பிக்கும். பாடப்பகுதியைக் கட்டளையோடேயே ஒட்டிவிடுங்கள். கலைச்சொற்களையும் சேர்த்துக் கொடுங்கள்: தமிழ்நாட்டுப் புத்தகத்தில் ஒளிச்சேர்க்கை, ஆக்சிஜன் என்று படிக்கும் அதே பாடத்தை இலங்கை மாணவர் ஒளித்தொகுப்பு, ஒட்சிசன் என்று படிக்கிறார், மாடல் இரண்டையும் ஒரே கேள்வியில் கலந்துவிடும். 'மேற்கண்ட அனைத்தும்' என்ற விடை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். மூடில் விடைகளைக் கலைத்துப் போடும்போது அது இரண்டாவது இடத்தில் போய் உட்கார்ந்து சிரிப்பாகிவிடும். நான்கு விடைகளும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கட்டும். சரியான விடையை விளக்கமாகவும் தவறானவற்றைச் சுருக்கமாகவும் எழுதுவது ஏஐயின் பழக்கம். பாடமே படிக்காத பிள்ளைகூட நீளமானதைத் தொட்டு மதிப்பெண் வாங்கிவிடும்.

ஒரு சொல் விடைக் கேள்வியும் தமிழில் கொஞ்சம் தொல்லை. 'ஒளிச்சேர்க்கை' என்று நீங்கள் வைத்திருக்க, மாணவர் 'ஒளிச் சேர்க்கை' என்று இடைவெளி விட்டால் தவறாகிவிடும். விடையை ஒளிச்*சேர்க்கை என்று வைத்தால் நட்சத்திரக் குறியின் இடத்தில் எது வந்தாலும், எதுவும் வராவிட்டாலும், ஏற்கும். ஒற்று விடுபடுவதையும் மன்னிக்க நினைத்தால் ஒளி*சேர்க்கை.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கம்

குவிஸைத் திறந்து 'ரிசல்ட்ஸ்' பகுதியில் கீழிறங்கும் பட்டியலில் 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்'. மேலே எந்த முயற்சியைக் கணக்கில் எடுப்பது என்று கேட்கும். பல முயற்சிக்கு அனுமதித்த குவிஸ் என்றால் முதல் முயற்சியையே தேருங்கள். இரண்டாவது முயற்சிக்குள் விடைகள் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டிருக்கும். அந்த எண்களை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது.

கீழே ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி. அதில் மூன்று எண்களைப் பார்த்தால் போதும்.

'ஃபெசிலிட்டி இண்டெக்ஸ்' என்பது அந்தக் கேள்வியில் வகுப்பின் சராசரி, சதவீதமாக. மூடிலின் சொந்த ஆவணப்படி 35 முதல் 64 வரை சராசரி மாணவருக்கு ஏற்ற கடினம். 95-க்கு மேல் மிக மிக எளிது. 5-க்குக் கீழே என்றால் மிக மிகக் கடினம், அல்லது கேள்வியிலேயே ஏதோ கோளாறு. பக்கத்தில் 'ரேண்டம் கெஸ் ஸ்கோர்', அதாவது குருட்டாம்போக்கில் தொட்டால் என்ன கிடைக்கும் என்பது. நான்கு விடைக் கேள்விக்கு அது 25. ஃபெசிலிட்டி 28, குருட்டு மதிப்பு 25 என்று இருந்தால் அந்தப் பாடம் வகுப்பில் யாருக்கும் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

மூன்றாவது 'டிஸ்கிரிமினேஷன் இண்டெக்ஸ்'. இந்த அறிக்கையின் உயிரே இதுதான். இந்தக் கேள்வியில் வாங்கிய மதிப்பெண்ணும் மீதித் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு. 50-க்கு மேல் மிக நன்று, 30 முதல் 50 போதுமானது, 20-க்கும் 29-க்கும் இடையே பலவீனம், அதற்குக் கீழே மிகப் பலவீனம். கழித்தல் குறியோடு வந்தால், நன்றாகப் படிக்கிறவர்கள் தவறாகவும் படிக்காதவர்கள் சரியாகவும் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி ஒரு வரியைப் பார்த்ததும் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிள்ளைகளை அல்ல, விடைக்குறிப்பை.

60 பேர் எழுதிய தேர்வு என்று வையுங்கள். நான்காவது கேள்வியின் ஃபெசிலிட்டி 20, டிஸ்கிரிமினேஷன் கழித்தல் 18. கேள்வியின் பெயரைத் தொட்டால் விடைவாரியான பகுப்பு திறக்கும்: முதல் விடையைத் தொட்டவர்கள் 12, இரண்டாவதை 31, மூன்றாவதை 9, நான்காவதை 8. சரி என்று குறிக்கப்பட்டிருப்பது முதல் விடை. மேல்மட்ட மாணவர்கள் திரளாக இரண்டாவதில் நிற்கிறார்கள். ஏஐ எழுதிய கேள்வியில் சமக்குறி தப்பான வரியில் விழுந்திருக்கிறது, அதை யாரும் பார்க்கவில்லை. ஏஐ கேள்விகளில் இந்த வகைப் பிழை அடிக்கடி மாட்டும். விளக்கம் சரியாக எழுதியிருக்கும், குறி மட்டும் மாறியிருக்கும்.

திருத்தும் விதமும் முக்கியம். கேள்வியைத் திறந்து, முதல் விடைக்கு இருந்த 100 சதவீதத்தை 'நன்' (None, மதிப்பெண் இல்லை) ஆக்கி இரண்டாவதற்கு 100 கொடுங்கள். விடைகளைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டாம். 4.0 முதல் மூடில் ஒவ்வொரு திருத்தத்தையும் புதிய பதிப்பாக வைத்துக்கொள்கிறது. விடைகளின் எண்ணிக்கை மாறினால் பழைய விடைத்தாள்களைப் புதிய பதிப்பால் திருத்த முடியாது என்று மறுத்துவிடும். குவிஸ் அமைப்பில் அந்தக் கேள்விக்கு 'ஆல்வேஸ் லேட்டஸ்ட்' இருக்கிறதா என்றும் பாருங்கள். குறிப்பிட்ட பழைய பதிப்பில் கட்டி வைத்திருந்தால் மறுதிருத்தம் அந்தப் பழையதையே எடுக்கும். பிறகு 'கிரேட்ஸ்' அறிக்கைக்குப் போய் 'ட்ரை ரன்' வகை மறுதிருத்தத்தை முதலில் ஓட்டுங்கள். யாருக்கு எவ்வளவு மாறும் என்று காட்டும், எதையும் மாற்றாது. பார்த்துத் திருப்தியானால் முழு மறுதிருத்தம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கத்துக்குத் திரும்பி 'ரீகால்குலேட்' அமுக்கினால்தான் புது எண்கள் வரும். அதுவரை சேமித்து வைத்த பழைய கணக்கையே காட்டிக்கொண்டிருக்கும்.

விடைவாரிப் பகுப்பில் பார்க்க வேண்டிய இன்னொன்று, ஒருவர்கூடத் தொடாத விடை. நான்கில் இரண்டு அப்படிச் செத்துக் கிடந்தால் அது நான்கு விடைக் கேள்வியே அல்ல, பூவா தலையா. ஏஐயிடம் அந்த இரண்டை மட்டும் கொடுத்து 'மாணவர் உண்மையில் செய்யும் பிழையை ஒட்டி மாற்று' என்று கேட்டால் நல்ல பலன் உண்டு. அடுத்த வருடத்துக்குக் கேள்வி வங்கி ஒரு படி ஏறும்.

மேலே மொத்தத் தேர்வுக்கும் ஓர் எண் வரும்: உள்ளிசைவுக் கெழு, அதாவது தேர்வின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு. 'க்ரோன்பாக் ஆல்ஃபா' என்று படித்திருப்பீர்கள். 75-க்கு மேல் திருப்தி, 64-க்குக் கீழே தேர்வையே திரும்பப் பார்க்க வேண்டும் என்பது மூடில் ஆவணத்தின் அளவுகோல். கேள்விகளை வங்கியிலிருந்து ஆளுக்கொன்றாக உருவி எடுக்கும் ரேண்டம் முறையும் உண்டு. அதன் விலை, ஒவ்வொரு கேள்வியையும் சந்தித்தவர் எண்ணிக்கை குறைந்துபோவது. 60 பேர் வகுப்பில் ஒரு கேள்விக்குப் பன்னிரண்டு பேர்தான் என்றால் டிஸ்கிரிமினேஷன் எண் காற்றில் ஆடும். இருபது பேருக்கும் குறைவான வகுப்பில் கழித்தல் குறியைத் தவிர வேறெதையும் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கூகுள் ஃபார்ம்ஸ் இலவசம்தானே என்று கேட்கலாம். ஒவ்வொரு கேள்விக்கும் பட்டை வரைபடம் தருகிறது, அடிக்கடி தவறிய கேள்விகளைப் பட்டியலிடுகிறது. முப்பது பேர் டியூஷனுக்கு அதுவே தாராளம். ஆனால் 'இந்தக் கேள்வி கெட்டது' என்பதையும் 'இந்தக் கேள்வி கடினம்' என்பதையும் அது பிரித்துச் சொல்லாது.

வரைபடங்கள்: இங்கேதான் மூடில் சறுக்குகிறது

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கத்தின் அடியில் ஒரு பட்டை வரைபடம் உண்டு. நாற்பது கேள்வித் தேர்வில் எண்பது பட்டைகள் நெருக்கியடித்து நிற்கும், ஒன்றும் புரியாது. 4.0-இல் வந்த ரிப்போர்ட் பில்டர் வடிகட்டவும், குறித்த நேரத்தில் மின்னஞ்சலில் அனுப்பவும் வல்லது. ஆனால் தருவது அட்டவணை மட்டுமே, வரைபடம் கிடையாது. நல்ல படம் வேண்டுமென்றால் தரவை இறக்கி வெளியேதான் வரைய வேண்டும்.

இறக்கும்போது சிஎஸ்வி வேண்டாம், எக்ஸெல் வடிவத்தையே தேருங்கள். சிஎஸ்வியை எக்ஸெலில் நேரடியாகத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் சிதைந்து தெரியக்கூடும். எண்களோடு சதவீதக் குறி எழுத்தாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் தேடி நீக்கிவிடுங்கள். இல்லையேல் வரைபடம் எல்லாவற்றையும் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும்.

முதல் படம் சிதறல் வரைபடம். கிடையில் ஃபெசிலிட்டி, நெடுவில் டிஸ்கிரிமினேஷன், ஒரு புள்ளி ஒரு கேள்வி. கிடையில் 25-இலும் நெடுவில் 30-இலும் ஒவ்வொரு கோடு போடுங்கள். இடது கீழ் மூலையில் விழும் புள்ளிகள்தான் உடனே பார்க்க வேண்டியவை. வலது கீழ் மூலையில் இருப்பவை எல்லாருக்கும் தெரிந்த எளிய கேள்விகள். பயம் தெளிய இரண்டு மூன்று இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது படம் இன்னும் பயனுள்ளது. ஜப்பானில் 1970-களில் தகாஹிரோ சாட்டோ உருவாக்கிய எஸ்-பி (ஸ்டூடன்ட்-பிராப்ளம், மாணவர்-கேள்வி) வரைபடம். விரிதாள் இருந்தால் பத்து நிமிட வேலை. 'கிரேட்ஸ்' அறிக்கையில் ஒவ்வொரு கேள்வியின் மதிப்பெண்ணையும் காட்டும் தேர்வை இயக்கி இறக்குங்கள். வரிசைகளில் மாணவர், நிரல்களில் கேள்வி. மொத்த மதிப்பெண் அதிகமுள்ளவர் மேலே வரும்படி வரிசைகளை அடுக்குங்கள். அடியில் ஒவ்வொரு நிரலுக்கும் கூட்டல் போட்டு, எளிய கேள்வி இடப்பக்கம் வரும்படி நிரல்களை அடுக்குங்கள். எக்ஸெலிலும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் 'சார்ட்' (sort, வரிசைப்படுத்தல்) தேர்வுகளில் இடமிருந்து வலமாக அடுக்கும் வசதி இருக்கிறது. கூகுள் ஷீட்ஸில் இல்லை, அங்கே அட்டவணையை 'டிரான்ஸ்போஸ்' செய்து அடுக்கித் திரும்பத் திருப்ப வேண்டும். பிறகு நிபந்தனை வடிவமைப்பில் 1-க்கு அடர் நீலம், 0-க்கு வெள்ளை. சிவப்பு பச்சை வேண்டாம், அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் எந்த ஆசிரியர் அறையிலும் ஒருவராவது இருப்பார்.

ஒழுங்கான தேர்வில் இடது மேல் மூலை முழுக்க நீலமாகி, வலது கீழ் நோக்கி வெளுத்துக்கொண்டே போகும். ஒரு நிரல் மட்டும் மேலிருந்து கீழ்வரை நீலமும் வெள்ளையுமாகத் தெறித்துக் கிடந்தால் கேள்வி சரியில்லை. ஒரு வரிசை அப்படிக் கிடந்தால் அந்த மாணவர் குருட்டாம்போக்கில் தொட்டிருக்கிறார், அல்லது நடுவில் சில பாடங்களுக்கு வரவே இல்லை. இந்த இரண்டாவதைப் பிடிப்பதற்காகத்தான் இத்தனை வேலையும். 22 மதிப்பெண் வாங்கிய இருவரில் ஒருவருக்கு எளியவை எல்லாம் தெரியும், கடினமானவை தெரியாது. இன்னொருவருக்குக் கடினமானவை தெரிந்தும் அடிப்படையில் ஓட்டை. மொத்த மதிப்பெண் அதைச் சொல்லாது. ரேண்டம் கேள்வி வைத்த குவிஸுக்கு இந்தப் படம் வரையாதீர்கள். ஒரே நிரலில் ஆளுக்கொரு கேள்வி இருக்கும்.

அந்தக் கோப்பை அப்படியே சாட்பாட்டில் போட்டு 'பகுத்துச் சொல்' என்று கேட்கும் பழக்கம் பரவிவருகிறது. அதில் பெயரும் மின்னஞ்சலும் சேர்ந்தே வருகின்றன. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. இலங்கையிலும் 2022-இல் தனிநபர் தரவுச் சட்டம் வந்துவிட்டது. முதல் சில நிரல்களை நீக்கி, மா1, மா2 என்று எண் கொடுத்துவிட்டு அப்புறம் போடுங்கள்.

படிப்பைக் கைவிடக்கூடிய மாணவரை முன்கூட்டியே காட்டும் கணிப்பு மாடல் ஒன்றும் மூடிலில் உண்டு. அது பயிற்சி பெற, தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் சரியாகப் போட்டு நடந்து முடிந்த பழைய பாடப்பிரிவுகள் வேண்டும். நேற்று நிறுவிய தளத்தில் அது எதைக் கற்கும்? 'சமீபத்தில் உள்ளே வராத மாணவர்' என்று எளிய விதிப்படி ஓடும் மாடலை மட்டும் இயக்குங்கள்.

சர்வர், செயலி, தமிழ் முகப்பு

4.5-க்குப் பிஎச்பி 8.1 முதல் 8.3 வரை, டேட்டாபேஸுக்கு மரியாடிபி 10.6.7 அல்லது போஸ்ட்கிரெஸ் 13 குறைந்தபட்சம். மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பலர் பகிரும் சர்வரில்) நிறுவல் நின்றுபோகும் வழக்கமான இடம், பிஎச்பியின் 'மேக்ஸ் இன்புட் வார்ஸ்', அதாவது ஒரே படிவத்தில் ஏற்கும் புலங்களின் வரம்பு. வழக்கமாக 1000 இருக்கும், மூடில் 5000 கேட்கும். அதை மாற்ற விடாத ஹோஸ்டிங் வேண்டாம். ஏற்றிய கோப்புகள் சேரும் மூடில்டேட்டா அடைவு வெப் ரூட்டுக்கு (இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கும் அடைவுக்கு) வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்தால் மாணவர் ஏற்றிய கோப்புகள் ஊருக்கே திறந்து கிடக்கும். ஓர் ஆய்வகத்தில் அறுபது பேர் ஒரே நேரத்தில் எழுத, இரண்டு கோர், 4 ஜிபி ரேம் உள்ள விபிஎஸ் (தனியாக ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) போதும், பிஎச்பியை வேகப்படுத்தும் ஓபிகேஷ் இயக்கியிருந்தால்.

கிரான், அதாவது பின்னணி வேலைகளைக் குறித்த நேரத்தில் இயக்கும் சர்வர் நிரல், நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். ஓடாவிட்டால் நேரம் முடிந்தும் குவிஸ் தானாகச் சமர்ப்பிக்கப்படாமல் 'இன் புரோகிரஸ்' என்றே தொங்கும், அறிவிப்பு மின்னஞ்சலும் போகாது. 'என் விடைத்தாளைக் காணோம்' என்று மாணவர் வந்து நின்றால் முதலில் பார்க்க வேண்டியது கிரான். குவிஸின் தானியங்கிச் சேமிப்பு 60 நொடிக்கு ஒருமுறை. சர்வர் திணறினால் அதை இரண்டு நிமிடமாக்கலாம், ஒரு பக்கத்துக்கு ஐந்து கேள்வி வைக்கலாம். கோரிக்கைகள் கணிசமாகக் குறையும்.

மொபைல் செயலியில் இணையமில்லாமலும் குவிஸ் எழுதலாம், ஆனால் அமைப்பில் அதைத் தனியாக அனுமதிக்க வேண்டும். நேர வரம்பும் இருக்கக் கூடாது. வீட்டுப்பாடத்துக்குச் சரி, தேர்வுக்கு உதவாது. செயலியின் இலவசத் திட்டத்தில் அறிவிப்புகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. தமிழ் மொழிப்பொதி இருக்கிறது, முழுமை இல்லை. பாதித் திரை தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் தெரியும். மாணவர் அதிகம் பார்க்கும் சொற்களை 'லாங்குவேஜ் கஸ்டமைசேஷன்' பகுதியில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

5.0-க்குப் போக நினைப்பவர்களுக்கு

5.0-க்குக் குறைந்தது பிஎச்பி 8.2 வேண்டும். அதைவிடப் பெரிய மாற்றம் கேள்வி வங்கியில். பாடப்பிரிவோடு ஒட்டியிருந்த வங்கி, இப்போது தனி ஒரு செயல்பாடாகப் பிரிந்துவிட்டது. பழைய கேள்விகளை அங்கே நகர்த்தும் வேலை, அப்கிரேட் முடிந்த பிறகு கிரான் வழியாகப் பின்னணியில் ஓடுகிறது. அது முடியும்வரை வங்கிகள் சரியாகத் திறக்காது. ஆயிரக்கணக்கில் கேள்வி வைத்திருக்கும் துறைகள் பருவத் தேர்வுக்கு இடையில் இதைத் தொடவே கூடாது. விடுமுறையில், வங்கியை எக்ஸ்எம்எல்லாக ஒரு பிரதி இறக்கி வைத்துக்கொண்டு, சோதனைத் தளத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தபின் செய்யுங்கள்.